வத்தாலி மக்களின் நாற்பத்தொன்றாவது பாட்டு

களியை மெல்லக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் என்பது மத்தியானமே தெரிந்துவிட்டது. சோற்றைப் போல அதைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். கையில் உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். பத்து நாளில் தொண்டை பழகிக்கொள்ளும்.

இந்த வாக்குமூலத்தை நானே என் கைப்பட எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உங்கள் ரைட்டர் நல்ல மனிதர். ஆனால் தொழில் என்ற இடத்தில் 'பாட்டு வாத்தியார்' என்று எழுதியிருக்கிறார். நான் ஒருநாளும் யாருக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததில்லை. 'ஆப்பிரிக்க மக்களின் இசை பற்றிய ஆராய்ச்சியாளர்' என்று அதைத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குற்றம் என்ற இடத்தில் அவர் எழுதியிருப்பதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை.

என் பெயர் நஞ்சப்பன். சொந்த ஊர் பென்னாகரம். 1931-இல் மொம்பாஸாவுக்குக் கப்பல் ஏறினேன். துறைமுகத்தை ஒட்டிய ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளை எடைபோட்டு எழுதும் குமாஸ்தா வேலை. இரண்டரை வருஷம் அங்கே இருந்தேன். ஊருக்குத் திரும்பியபோது ஆப்பிரிக்கா எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்டார்கள். தகரக் கூரை போட்டிருக்கும், கிராம்பு வாசனை அடிக்கும் என்று சொன்னேன். நான் பார்த்த ஆப்பிரிக்கா அவ்வளவுதான். மூட்டை தூக்குகிறவர்கள் வேலை நேரத்தில் ஓயாமல் பாடுவார்கள். எண்ணிக்கை தப்பிவிடும் என்று நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

கிளம்புவதற்கு முன் ஷெட்டில் கேட்பாரற்றுக் கிடந்த சாமான்களை ஏலம் விட்டார்கள். ஒரு மரப்பெட்டியை நான் எடுத்தேன். யாரோ ஒரு துரையுடையது. அவர் வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டாராம். உள்ளே பித்தளைக் குழாய் வைத்த ஒரு போனோகிராப் இருந்தது. குழாய்க்கு எதிரே பாடினால் மெழுகு உருளையில் ஊசி கீறிக்கொண்டே போகும். பிறகு அதே உருளையைச் சுற்றினால் பாடினது திரும்பக் கேட்கும். அதோடு அறுபது வெற்று உருளைகளும், லண்டனில் உள்ள ஒரு சங்கம் வெளியிட்ட இரண்டு பத்திரிகைகளும் இருந்தன. உலகத்தில் எழுதப்படாமல் இருக்கிற பாட்டுகளையெல்லாம் சேகரிக்கிற சங்கம் அது. பாட்டுக்கு ஒரு சங்கம் இருப்பதும், அதில் உள்ளவர்களை 'டாக்டர்' என்று அழைப்பதும் எனக்குப் புதிய செய்தி.

பென்னாகரத்தில் யாரைப் பாடச் சொன்னாலும் நாடகப் பாட்டைத்தான் பாடினார்கள். அதனால் 1934-இல் தை மாதம் பெட்டியைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வத்தல்மலைக்குப் போனேன். சாமை அறுவடை முடிந்து பெண்கள் குத்திக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் சாலம்மாளைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. நாக்கு உண்டு.

"என்னத்துக்குங்க குமாஸ்தா இந்தப் பொட்டி?"

"நீ பாடினால் அது திருப்பிப் பாடும்."

"நானேதான் பாடறனே. அது எதுக்குப் பாடணும்?"

இந்தக் கேள்விக்கு லண்டனிலும் யாரிடமும் நல்ல பதில் இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனாலும் பாடினாள். உலக்கை விழும் சத்தம்தான் தாளம்.

குத்துன சாமையப் புடைக்க ஆளில்ல,
கொண்டாந்த சீலைய உடுக்க நாளில்ல.

திருப்பிப் போட்டுக் காட்டினேன். குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என் கொரலு இப்புடியா கீச்சுங்குது? பொய் சொல்லுதுங்க இது" என்றாள்.

இரண்டு உருளைகளை இலவம்பஞ்சில் சுற்றி லண்டனுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். நான் மொம்பாஸாவில் இரண்டரை வருஷம் பணியாற்றியவன் என்பது முதல் வாக்கியம். கிராம மக்களின் பாட்டில் எனக்கு ஆர்வம் என்பது இரண்டாவது. தானியம் குத்தும் பெண்கள் பாடிய இரண்டு பாட்டுகளை இத்துடன் அனுப்புகிறேன் என்பது மூன்றாவது. நடுவில் சேலம் ஜில்லா என்று எழுத விட்டுப்போயிற்று. கை மறதி.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'இப்பாட்டுகள் ஆப்பிரிக்க உள்நாட்டின் எந்த இனத்தாருடையவை என்று தயவுசெய்து தெரிவிக்க முடியுமா?' என்று கேட்டிருந்தார்கள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதுவரை என் வாழ்நாளில் யாரும் 'தயவுசெய்து' என்று சொல்லி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டவர்களிடம், நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று சொல்வது மரியாதையாக எனக்குப் படவில்லை. மொம்பாஸாவுக்கு மேற்கே டைட்டா மலைகளுக்குப் பின்னால், ஆறு நாள் நடை தூரத்தில் வாழும் வத்தாலி மக்கள் என்று எழுதினேன். வத்தல்மலை, வத்தாலி. முழுப் பொய் சொல்ல எனக்கு மனம் வராது.

அதற்குப் பிறகு அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். வத்தாலிகளுக்கு ராஜா உண்டா? உண்டு, அயேரி என்று பெயர். ஏரியூர் சந்தைக்குப் போன அன்று அந்தக் கடிதம் வந்திருந்தது. ஆறு உண்டா? கம்பை ஆறு. கம்பைநல்லூரில் எனக்கு ஒரு சித்தி இருந்தாள். பாட்டின் வார்த்தைகளுக்குப் பொருள் என்ன என்று கேட்டபோதுதான் கொஞ்சம் சங்கடமாயிற்று. இனிமேல் வார்த்தை இல்லாமல் பாடு என்று சாலம்மாளிடம் சொன்னேன்.

"வார்த்தை இல்லாமயா? எம் புருசன் செத்த கதைய லே லேன்னு பாடச் சொல்றீங்களா?"

"ராகம் மட்டும் போதும்."

"அப்ப அழுவுறப்ப கண்ணீரு வேணாம், மூக்க மட்டும் சிந்துனாப் போதும்னு சொல்லுவீங்களாட்டம் இருக்குது."

அவளுடைய உலக்கைக்குப் புதிதாக ஓர் இரும்புப் பூண் வாங்கிக் கொடுத்தேன். லே லே என்று பாடினாள்.

வார்த்தைகளை நானே செய்தேன். தமிழ்ச் சொல்லைத் திருப்பிப் போட்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மழை என்றால் ழைம. வாழை என்றால் ழைவா. எப்படி உச்சரிப்பது என்று காட்ட என் குரலிலேயே ஓர் உருளை பதிந்து அனுப்பினேன். ஆப்பிரிக்கக் கண்டத்தில் வேறெங்கும் கேட்டிராத ஓர் ஒலி வத்தாலி மொழியில் இருக்கிறது என்று ஒரு பேராசிரியர் பதினெட்டுப் பக்கக் கட்டுரை எழுதினார். நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று படம்கூடப் போட்டிருந்தார். படம் சரியாகத்தான் இருந்தது.

1939-இல் 'வத்தாலி மக்களின் நாற்பது பாட்டுகள்' என்ற என் புத்தகம் லண்டனில் வெளியாயிற்று. அட்டையில் என் பெயரை இரண்டாக உடைத்து டாக்டர் நன் ஜப்பன் என்று அச்சிட்டிருந்தார்கள். டாக்டர் பட்டத்தை நான் கேட்கவில்லை, அவர்களாகவே போட்டார்கள். கேட்காமல் வந்ததைத் திருப்பிக் கொடுப்பது கர்வம். பெயர்தான் பிற்பாடு உபத்திரவமாயிற்று. ஜப்பானோடு யுத்தம் வந்ததும் சென்சார் ஆபீஸில் என் கடிதங்களையெல்லாம் பிரித்து, வத்தாலி அகராதியை ரகசியச் சங்கேதம் என்று நினைத்து ஒரு வருஷம் வைத்திருந்தார்கள்.

ஊரில் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. கடைக்குப் போனால் 'கப்பல்காரரே, உங்க பொட்டி இன்னிக்கு என்ன சொல்லுது' என்பார்கள். நான் வீட்டுக்கு வந்து, 'மதிப்புக்குரிய நண்பருக்கு' என்று தொடங்கும் கடிதம் ஒன்றை எடுத்துப் படிப்பேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள். இல்லாத ஒரு ஜனத்துக்கு நாற்பது பாட்டும் ஒரு ராஜாவும் கிடைத்தார்கள்.

இப்போது யோஹானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குத்தானே என்னை அழைத்து வந்திருக்கிறீர்கள்.

1945, தை மாதம். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியில் ஓடிக்கொண்டிருந்த காலம். பென்னாகரம் மேட்டில் பஸ் நின்றுவிட்டால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அன்றைக்குப் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களில் ஒருவன் ஆப்பிரிக்கச் சிப்பாய். நல்ல உயரம். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். முகத்தில் கரி, கையில் என் புத்தகம்.

"டாக்டர் நன் ஜப்பன் நீங்கள்தானா?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

பர்மா சண்டையில் காலில் குண்டு பட்டு, பெங்களூர்ப் பக்கத்து ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தவன். யுத்தத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வாத்தியார். ஆஸ்பத்திரிப் பாதிரியார் ஒருவர் இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். முன்னுரையின் அடியில் பென்னாகரம் என்று இருந்ததைப் பார்த்து, ஒரு வாரம் லீவு வாங்கிக்கொண்டு மொரப்பூர் வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் வந்திருக்கிறான்.

"நான் பிறந்ததே டைட்டா மலையில்தான் ஐயா. எங்கள் வீட்டுக்குப் பின்புறம் ஆறு நாள் நடந்தால் எங்களுக்கே தெரியாத ஒரு ஜனம் இருக்கிறதாமே. அவர்களைப் பார்த்தவரைப் பார்க்கலாம் என்று வந்தேன்" என்றான்.

கேலி செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஊர் ஞாபகத்தில் வந்திருக்கிறான். யாருடைய குரலாயிருந்தாலும் அந்தப் பக்கத்துக் குரல் ஒன்றைக் கேட்டால் போதும் அவனுக்கு. கேட்கவைக்காமல் அனுப்பினால் சந்தேகம் வரும் என்று ஓர் உருளையை மாட்டினேன்.

கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான்.

"டாக்டர், எங்கள் வார்டைக் கூட்டுகிற சேலத்து அம்மாள் இப்படியேதான் முணுமுணுப்பாள்" என்றான்.

லண்டனில் பத்து வருஷமாக ஒருவருக்கும் தெரியாதது அவனுக்குக் கால் மணியில் தெரிந்துவிட்டது. அவன் கோபப்படவில்லை. சிரிப்பு அடங்கியதும், "பாட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது. பாடினது யார்?" என்று கேட்டான். அவன் கேட்ட விதத்தில் பொய் சொல்லத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ழைம, ழைவா எல்லாம். ஒவ்வொன்றுக்கும் சிரித்தான். நானும் சிரித்தேன். என் வேலையின் நயத்தை ரசித்த ஒரே மனிதன் அவன்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்: எனக்கு அவனைப் பிடித்திருந்தது.

மறுநாள் அவனை வத்தல்மலைக்கு அழைத்துப் போனேன். சாலம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலு என்னங்க ஆச்சு?"

குண்டு பட்டது என்றேன்.

"ஒக்காரச் சொல்லுங்க. மொதல்ல களி திங்கட்டும்."

அவன் முதல் உருண்டையையே மெல்லாமல் விழுங்கினான். அவர்கள் ஊரிலும் அப்படித்தானாம். அவன் பெயரைச் சொன்னேன். அவள் வாய்க்கு அது வரவில்லை. "யோகண்ணு" என்று வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் எழுந்து போய் ஓர் உலக்கையை எடுத்தான். ஆம்பிளை உலக்கை பிடிக்கிறானே என்று பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவன் குத்திக்கொண்டே பாடத் தொடங்கினான். மக்காச்சோளம் குத்தும்போது அவனுடைய தாய் பாடுகிற பாட்டாம். ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறிக் குத்தும்போது உலக்கைகள் தட்டிக்கொள்ளாமலிருக்க நாள்பட்ட பழக்கம் வேண்டும். சாலம்மாள் எதிரே வந்து நின்று தன் உலக்கையைப் போட்டாள். முதல் குத்திலேயே சேர்ந்துவிட்டது. அவள் தன் பாட்டை, வார்த்தைகளோடு, அவனுடைய பாட்டின் இடைவெளிகளில் வைத்துப் பாடினாள்.

யுத்தத்தில் வெற்று உருளைகள் வருவது நின்றுபோயிருந்தது. என்னிடம் மிச்சமிருந்தது ஒன்று. அதில் இதைப் பதிந்தேன்.

"பாருங்க குமாஸ்தா, யோகண்ணு ஒரு வார்த்தையக்கூட வுடாமப் பாடுது" என்றாள் சாலம்மாள்.

அன்று சாயங்காலம் மலையிறங்கும் பாதை வரை என்னோடு வந்தான். தன் லீவு முடிகிற வரை மலையிலேயே இருக்கப்போவதாகச் சொன்னான். பிறகு என் தோளில் கைவைத்து, "டாக்டர், லண்டனுக்கு நான் ஒரு கடிதம் எழுதட்டுமா? இதில் உங்களுக்கு அவமானம் வராமல் எழுதுவேன். தவறுதலாக ஊர்ப்பெயர் மாறிவிட்டது என்று சொன்னால் போதும். சாலம்மாள் என்கிற பெயர் அச்சில் வர வேண்டும். இந்த மாதிரிக் குரலை ராஜா அயேரிக்குக் கொடுத்துவிட முடியாது" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும். அதற்கு முந்தின வாரம்தான் லண்டனிலிருந்து கடிதம் வந்திருந்தது. யுத்தம் முடிந்ததும் என்னைச் சங்கத்தின் கௌரவ உறுப்பினராக்கப் போகிறார்கள். நான் அங்கே போய்ப் பெரிய மண்டபத்தில் பேச வேண்டும். 'வத்தாலி மக்களைத் தன் காதால் கேட்ட ஒரே மனிதர்' என்று அழைப்பிதழில் போடுவார்கள். கப்பல் கிடைக்காமல் அந்தப் பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. இப்போது உங்களாலும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

நானே எழுதுகிறேன், அதுவரை பொறுத்துக்கொள் என்று யோஹானாவிடம் சொன்னேன். சரி என்றான். நல்லவர்களிடம் இது ஒரு வசதி.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போயேன், ஆஸ்பத்திரிக்கு நான் தந்தி கொடுத்துக் கேட்கிறேன் என்றேன். அவன் கண்ணில் தெரிந்த சந்தோஷத்துக்காகவாவது நான் அதைச் செய்யத்தான் வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் பதில் தந்தியோடு மலையேறினேன். 'லீவு பதினான்கு நாள் நீட்டிக்கப்பட்டது.' தந்தித் தாள் என்னிடம் இருந்தது, டைப்ரைட்டரும் இருந்தது. தபாலாபீஸ் முத்திரை ஒன்றுதான் இல்லை. அதையெல்லாம் பார்க்கிற ஆள் அவன் இல்லை. நொண்டிக்காலோடு ஒரு குதி குதித்தான். சாலம்மாளைத் தூக்கிச் சுற்றி இறக்கினான். அவள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அந்தத் தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்லி அவளிடமே கொடுத்தான்.

அவனுடைய உண்மையான லீவு முடிந்து ஒன்பது நாள் பொறுத்திருந்தேன். ஒரு சிப்பாய் லீவு முடிந்து ஒரு நாள் தாமதமானால் மன்னித்துவிடுவார்கள். ஒன்பது நாள் ஆனால் ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு ராணுவத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கையெழுத்துப் போடவில்லை. ஆறே வரி. 'ஓடிப்போன ஆப்பிரிக்கச் சிப்பாய் ஒருவன் வத்தல்மலையில் ஒளிந்திருக்கிறான். துப்பாக்கி வைத்திருக்கிறான். ஏற்கெனவே ஒருவரைச் சுட்டிருப்பதாகக் கேள்வி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அடிவாரத்துக்கு வருவான். கூப்பிட்டால் நிற்க மாட்டான். எச்சரிக்கையாக இருக்கவும்.' மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதினேன். குறைவாக எழுதுவதுதான் கஷ்டம்.

வியாழக்கிழமைக்கு முதல் நாள் யோஹானாவுக்கும் ஒரு சீட்டு அனுப்பினேன். லண்டனுக்கு எழுதும் கட்டுரையில் சாலம்மாளின் பெயரோடு அவளுடைய உலக்கையையும் படம் போடலாம் என்றிருக்கிறேன், அளவெடுக்க வேண்டும், நாளைக் காலை பத்து மணிக்கு உலக்கையை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு வா. தோளில் சாய்த்துக்கொண்டு வந்தால் கால் வலிக்காது என்றும் எழுதியிருந்தேன். அவனுடைய காலைப் பற்றி எனக்கு அக்கறை இருந்தது.

நான் ஒன்பதரைக்கே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். ஜீப்பில் ஐந்து பேர் வந்து பாறைகளுக்குப் பின்னால் இறங்கி நின்றார்கள். சொன்ன நேரத்துக்கு அவன் வந்தான். பாடிக்கொண்டே இறங்கினான், அவன் பாடியது அவனுடைய தாயின் பாட்டில்லை, சாலம்மாளுடையது. 'சாமைய', 'சீலைய' என்று வார்த்தைகளெல்லாம் சரியாக வந்தன. யாரோ நில் என்று கத்தினார்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க அவன் சட்டென்று திரும்பினான். தோளில் இருந்த உலக்கையும் அவனோடு திரும்பியது. பூண் வெயிலில் மின்னிற்று.

சுட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே அது துப்பாக்கி போலத்தான் தெரிந்தது. இரண்டு வெடி. அவன் பாதையிலேயே உட்கார்ந்து, அப்புறம் சாய்ந்தான். உலக்கை சரிவில் உருண்டு வந்தது. அவர்கள் எல்லோரும் மேலே ஓடிவிட்டார்கள். வந்த வேலையை விடுவானேன் என்று அளந்து பார்த்தேன். நாலே முக்கால் அடி.

சத்தம் கேட்டுச் சாலம்மாள் வந்து சேர்வதற்குள் அவனை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். உலக்கையை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. என்னையும் திட்டவில்லை. அதற்குப் பிறகு அவள் பாடினதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் ஆராய்ச்சிக்கு அது ஒரு பின்னடைவுதான்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் அவள் பென்னாகரத்துக்கு என் வீடு தேடி வந்தாள். மடியிலிருந்து அந்தத் தந்தியை எடுத்தாள். சாமைக் குதிருக்குள் போட்டு வைத்திருந்தாளாம்.

"இதுல என்னங்க எழுதியிருக்குது?"

"துணிக்கடை நோட்டீஸ்" என்றேன்.

அவள் தாளை வாங்கி மடித்தாள். "துணிக்கடை நோட்டீசப் படிச்சுட்டு எவனாச்சும் குதிப்பானாங்க? அது குதிச்சுது" என்றாள். தாளை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள். படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கும்போது நம்பிக் காட்ட ஓர் ஆளைக் கண்டுபிடிக்க அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. அந்த ஆள் நீங்கள். உங்களுக்கு என் பாராட்டுகள்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். யோஹானாவின் தாய் கடிதத்துக்குமேல் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றீர்கள். 'உன் பாட்டை ஒரு பெட்டிக்குள் பாடி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருவேன்' என்று அவன் மலையிலிருந்து எழுதியிருக்கிறான். மகனைத்தான் தர முடியாது, அந்தப் பெட்டியையாவது அனுப்புங்கள் என்று அந்த அம்மாள் சர்க்காரைக் கேட்கிறாள். உருளை எங்கே என்று கேட்டீர்கள்.

அதை நான் எவ்வளவு மதித்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். 1946-இல் என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வேலை தொடங்கியது. யோஹானாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு இருந்தது. அந்த உருளையை நாற்பத்தொன்றாவது பாட்டாகச் சேர்க்கச் சொல்லி லண்டனுக்கு அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து உருளை திரும்பி வந்தது. கூடவே மிகவும் மரியாதையான ஒரு கடிதம். முதல் நாற்பது பாட்டுகளிலும் வத்தாலி மக்களின் ஆன்மா சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒலிக்கிறது, ஆனால் இந்தப் பாட்டுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அஞ்சுகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் நிதானமாக உட்கார்ந்து, என்னிடமிருந்த மற்ற உருளைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். கடைசியில் அதையும் கேட்டேன். அவர்கள் சொன்னது சரிதான். அது எதோடும் சேரவில்லை. சவரக் கத்தியால் மெழுகைச் சீவி, உருளையை வெற்று உருளையாக்கிவிட்டேன்.

என்மேல் கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த அம்மாளுக்குப் பதில் எழுதும்போது தயவுசெய்து இதையும் சேர்த்து எழுதுங்கள்: உண்மையை மதிக்கிற எந்த ஆராய்ச்சியாளனும் ஒரு போலிப் பாட்டைத் தன் வீட்டில் வைத்திருக்க மாட்டான்.